ஆண்டறிக்கை: மணாலி – லே மிதிவண்டிப் பயணம் பற்றிய செயலாளரின் விவரமும் தீர்மான முன்மொழிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் மிதிவண்டிச் சங்கத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. இரண்டு கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயணங்கள் கனமழை நாட்கள் நீங்கலாகத் தடையின்றி நடந்தன. பஞ்சர் ஒட்டுதல், செயின் மாற்றுதல் ஆகியவற்றைக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்தப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஏதுமில்லை என்பதாலும், உறுப்பினர்களில் பலர் கடிதம் எழுதிக் கேட்டிருப்பது வேறொன்று என்பதாலும், இவ்வறிக்கையின் பெரும்பகுதியைக் கடந்த செப்டம்பர் மாதம் நாம் மேற்கொண்ட மணாலி – லே பயணத்துக்கே ஒதுக்குகிறேன்.

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை, ரோதாங் கணவாயின் மேலேறிச் செல்லும் பழைய வழியில், ஏறத்தாழ 475 கிலோமீட்டர் தூரம். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர் லாரிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் அவ்வழியே போய்விடுவதால், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் சாலையில் முன்பிருந்த நெரிசல் இல்லை. சுற்றுவழியாயினும் மிதிவண்டிக்கு அதுவே நல்வழி என்று வழிகாட்டி சொன்னதைச் செயற்குழு உடனே ஏற்றுக்கொண்டது. அவர் சொன்ன மற்றொன்றையும் அவ்வாறே ஏற்றிருந்தால் இவ்வறிக்கை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல இடமில்லை. ஜூனில் பாரலாச்சா கணவாயில் சாலையின் இருபுறமும் பனிச்சுவர்கள் நிற்கும். பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடைகள், அங்குள்ளோர் நாலா என்று சொல்பவை, இடுப்பளவு உயர்ந்து வேகமெடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் பருவமழையும் மண்சரிவும் இருக்கும். செப்டம்பரில் மழை ஓய்ந்து, ஓடைகளும் மெலிந்திருக்கும். இரவுக் குளிர்தான் கடுமையாகும். அதற்குத் தயாராகவே சென்றோம்.

பதினான்கு உறுப்பினர்கள் கலந்துகொண்டனர். அவர்களில் நால்வர் பெண்கள். லாஹவுல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த, இச்சாலையில் பல்லாண்டுப் பழக்கமுள்ள வழிகாட்டி ஒருவர், மெக்கானிக் ஒருவர், ஓட்டுநருடன் ஒரு துணை வண்டி ஆகியவை அமர்த்தப்பட்டன. கூடாரங்கள், ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி யாவும் துணை வண்டியில் வந்தன.

இனி, என் பொறுப்பில் நேர்ந்த தவற்றுக்கு வருகிறேன். பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே வழிகாட்டி அனுப்பிய அட்டவணையில் பத்து நாட்கள் இருந்தன. ஜிஸ்பாவில் ஒரு நாள் முழு ஓய்வு, அதன் பின் பட்சியோவில் ஓர் இரவு, பிறகே சார்ச்சு என்று அவர் வகுத்திருந்தார். வேலைக்குச் செல்லும் உறுப்பினர்களுக்கு விடுப்புக் கிடைப்பதில் இருந்த சிரமத்தையும் செலவையும் கருதி, அந்த இரண்டு நாட்களையும் நீக்கி எட்டு நாட்களாகச் சுருக்குமாறு செயற்குழு கேட்டது. ஓய்வு நாள் என்றால் சும்மா இருக்கும் நாள் என்றே நாங்கள் எண்ணினோம். வழிகாட்டி தொலைபேசியில் இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை, பணம் கொடுப்பவர் நாம் என்ற தோரணை என் பேச்சில் இருந்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சுருக்கிய அட்டவணையில் கையெழுத்திட்டவன் நான்.

முதல் மூன்று நாட்களில் இந்தச் சுருக்கத்தின் விளைவு எதுவும் தெரியவில்லை. மணாலி 2,050 மீட்டர். முதல் இரவு மர்ஹியில், சுமார் 3,300 மீட்டரில் கழிந்தது. மறுநாள் ரோதாங்கைத் தாண்டி, சந்திரா ஆற்றின் கரையோடு சிஸ்ஸுவுக்கு இறங்கினோம். கணவாயின் இப்பக்கம் தேவதாருக் காடும் மேகமும் இருக்க, அப்பக்கம் மரமற்ற பழுப்பு மலைகள் தொடங்கிவிடுகின்றன. மழை மேகங்கள் மலைக்கு அப்பால் செல்ல முடியாமல் இப்பக்கமே கொட்டிவிடுவதால் வந்த மாற்றம் அது. மூன்றாம் நாள் தாண்டியில் சந்திராவும் பாகாவும் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். இவ்விரண்டும் பாரலாச்சா கணவாயின் இரு பக்கங்களிலும் பிறந்து, வெவ்வேறு பள்ளத்தாக்குகளைச் சுற்றிவந்து இங்கே சந்தித்துச் செனாப் ஆகின்றன. அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை வைத்த பெட்ரோல் நிலையம் அங்கேதான் உள்ளது. நம்மவர் அனைவரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். பெட்ரோல் தேவைப்படாதவர்களுக்கு அந்தப் பலகை தந்த பெருமிதம் சிறிதன்று. மூன்றாம் இரவு ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில் தங்கினோம்.

மூன்று இரவுகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் கழிந்ததால் எல்லோரும் தெம்பாக இருந்தோம். அந்தத் தெம்பே நம்மை ஏமாற்றியது. உயர்மலையில் பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே உறங்குகிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரம் ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 3,800 மீட்டர் அளவிலுள்ள பட்சியோவில் ஓர் இரவு தங்கி, பிறகு 4,290 மீட்டரிலுள்ள சார்ச்சுவுக்குச் சென்றிருந்தால் இந்தக் கணக்கை ஏறத்தாழ ஒட்டியிருக்கும். நாமோ ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் பாரலாச்சாவைத் தாண்டிச் சார்ச்சு சென்றோம். ஒரே இரவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்வு.

அந்த நாளின் அழகையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காலையிலிருந்து எதிர்த்து ஏறிவந்த பாகா ஆறு, மதியத்துக்குப் பின் ஓடையாகி, வாய்க்காலாகி, கணவாய்க்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் என்னும் பச்சைநீல ஏரியில் முடிந்தது. ஓர் ஆற்றை அதன் பிறப்பிடம் வரை சக்கரத்தில் தொடர்ந்து சென்றது எங்களில் எவருக்கும் அதுவே முதல் முறை. 4,890 மீட்டர் உயரத்தில் கணவாயின் பிரார்த்தனைக் கொடிகளுக்கு அருகே நின்றபோது மூவருக்குத் தலைவலி தொடங்கியிருந்தது. இருவர் மட்டுமே அதை வழிகாட்டியிடம் சொன்னார்கள்.

சொல்லாதவர் இரவு எட்டு மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே தள்ளாடினார். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடுமாறு நேர்கோட்டில் பத்து அடி நடந்து காட்டச் சொன்னார் வழிகாட்டி. நான்காம் அடியில் அவர் சாய்ந்தார். களைப்பு என்று நாங்கள் எண்ணியதை மூளையில் நீர் கோக்கும் அறிகுறி என்று வழிகாட்டி அடையாளம் கண்டு, உடனே ஆக்சிஜன் பொருத்தினார். இந்நோய்க்கு உயரம் குறைவதே முதன்மையான மருந்து. ஆனால் சார்ச்சுவிலிருந்து எத்திசையில் இறங்க வேண்டுமானாலும் முதலில் ஏறியாக வேண்டும்: தெற்கே பாரலாச்சா, வடக்கே 5,060 மீட்டரில் லாச்சுங் கணவாய். வரைபடத்தில் அது வெறும் இரவுத் தங்கலாகத் தெரிகிறது. உண்மையில் இருபுறமும் கதவடைத்த அறை. நோயாளியைத் துணை வண்டியில் ஏற்றி, இரவோடு இரவாகப் பாரலாச்சாவை மீண்டும் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கேலாங் மருத்துவமனைக்கு வழிகாட்டி கொண்டு சேர்த்தார். 3,080 மீட்டருக்கு இறங்கியதும் மறுநாள் நண்பகலுக்குள் நடை நேரானது. அவர் முழுமையாகக் குணமடைந்து இன்று இவ்வரங்கிலேயே இருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். தலைவலியைச் சொன்ன இருவரில் ஒருவர் அவருக்குத் துணையாக இறங்கினார்; இருவரும் சுரங்கப்பாதை வழியே மணாலி திரும்பினர்.

வண்டி திரும்பும்வரை மற்றவர்கள் சார்ச்சுவிலேயே ஒரு பகல் காத்திருந்தோம். நாம் நீக்கிய ஓய்வு நாளை மலை தானே திரும்ப எடுத்துக்கொண்டது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அன்று, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கூடாரத்துக்குக் கூடாரம் சென்றது. தேர்வு மதிப்பெண்ணைப் போல எண்களை ஒப்பிட்டுக்கொண்டு சிலர் வருந்தினர், சிலர் கர்வப்பட்டனர். திரும்பி வந்த வழிகாட்டி அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பிட்டீர்களா, உறங்கினீர்களா, தலை வலிக்கிறதா என்ற மூன்று கேள்விகளை மட்டும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டார். கூட்டத்தில் கேட்டால் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

அதன் பின் அட்டவணை அவர் கையில் இருந்தது. காட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளை வெயிலேறும் முன்பே ஏறி முடித்தோம். அங்கே பனியில் சிக்கித் தாகத்தால் இறந்த லாரி உதவியாளரின் ஆவி உலவுவதாக ஒரு கதை உண்டு; அவருக்காகப் பயணிகள் வைத்துச் செல்லும் தண்ணீர்ப் பாட்டில்கள் சிறு கோயிலைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. இரக்கத்தில் விளைந்த குப்பையாயினும் குப்பை குப்பையே. நம்மவர் எவரும் அங்கே பாட்டில் வைக்கவில்லை. லாச்சுங்கின் மறுபுறம் இறக்கத்தில் இருவரின் பிரேக் கட்டைகள் தேய்ந்து உலோகம் உரசியது. மாற்றுக் கட்டைகள் கைவசம் இருந்ததால் தப்பித்தோம்.

பாங் என்னும் தங்குமிடத்தைத் தாண்டியதும் வரும் மோரே சமவெளி, 4,700 மீட்டருக்கு மேல் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகக் கிடக்கிறது. சமவெளி என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பிற்பகல் எதிர்காற்றில் நடைவேகத்துக்கு இறங்கினர். மறுநாள் தங்லாங் கணவாயை ஏறியவர்கள் பன்னிருவரில் ஒன்பது பேர். அவர்களில் மூவர் பெண்கள். எஞ்சிய மூவர் வண்டியில் வந்தனர். அதை எவரும் குறைவாகப் பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உச்சியிலுள்ள பலகை 17,582 அடி என்கிறது. அளவீட்டின்படி உயரம் 5,328 மீட்டர், அதாவது அதைவிட நூறு அடி குறைவு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். அந்தப் பாதிக் காற்றில் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தார் காய்ச்சிச் சாலை போட்டுக்கொண்டிருந்தனர். நாங்கள் எங்கள் மூச்சிரைப்பைப் பற்றிப் பேசுவதைச் சற்று நேரம் நிறுத்திக்கொண்டோம். ரும்ட்ஸேயில் கடைசி இரவு தங்கி, உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டு, ஒன்பதாம் நாள் மாலை லே சேர்ந்தோம்.

சைக்கிள்களைப் பற்றி ஒன்று. போகும்போது சரக்காக அனுப்பிய வண்டிகளில் மூன்றின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து வந்தது. எடுத்துச் சென்ற நிறுவனம் இழப்பீடு தர மறுத்துவிட்டது. ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறுவதால் மெக்கானிக்கிடமும் பொருத்தமானது இல்லை. அடித்து நிமிர்த்தியே ஓட்டினோம். இனி நெடும்பயணத்துக்கு வருவோர் தம் வண்டிக்குரிய மாற்று ஹேங்கர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். பின்சக்கரத்தில் 34 பல் கொண்ட பெரிய பல்சக்கரம் இல்லாத வண்டிகள் அந்த ஏற்றங்களுக்கு ஏற்றவையல்ல என்பதையும் ஓர் உறுப்பினர் தம் கால்களால் நிரூபித்தார்.

பயணத்தைப் பாதியில் விட நேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆறு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்துள்ளது. அக்கோரிக்கை நியாயமானது என்றே கருதுகிறேன். சுருக்கிய அட்டவணை செயற்குழுவின் முடிவு என்பதால், அத்தொகையைப் பயண நிதியிலிருந்து வழங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

அடுத்ததாகப் பின்வரும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிகாட்டி அமர்த்தப்படும் எந்தப் பயணத்திலும், நாட்களின் எண்ணிக்கையையும் தங்குமிடங்களையும் அவர் வகுத்தபடியே செயற்குழு ஏற்க வேண்டும். விடுப்போ பணமோ போதாதென்றால் பயணத்தைக் கைவிடலாம் அல்லது தாழ்வான வழியைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர நாட்களைக் குறைக்கக்கூடாது. வழியில் ஒருவரை நிறுத்தவோ வண்டியில் ஏற்றவோ அவர் முடிவு செய்தால் செயலாளர் உட்பட எவரும் அதை எதிர்க்கக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேற்பட்ட பயணங்களுக்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று வருவது கட்டாயம். அசிட்டசோலமைடு போன்ற மலைநோய்த் தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்னாலொழியத் தாமாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இத்தீர்மானம் ஒருவேளை தோற்குமானால், அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு வேறொரு செயலாளரைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பயணத்துக்காகச் சங்கம் வாங்கிய கூடாரங்களில் ஒன்றும், காற்றடிக்கும் பம்புகளில் இரண்டும் இன்னும் அலுவலகத்துக்குத் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். பெயர்கள் பதிவேட்டில் இருப்பதால் இங்கே வாசிக்கவில்லை.

நன்றி.

செயலாளர்