புட்டைக் கடைசியில் வை, மச்சான்

அன்பின் மச்சானுக்கு,

நீ போன கிழமை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உடம்பு எடை குறைக்க இரைப்பையில் செய்த ஒப்பரேசன் முடிந்து பத்துக் கிழமையாகியும் ஒரு பிடி புட்டு இறங்கவில்லை, நெஞ்சுக்குள் கல்லு வைத்த மாதிரி நின்றது, பிறகு சத்தி எடுத்தபோது தங்கச்சி பக்கத்தில் நின்று அழுதார் என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே என்னுடைய ஒப்பரேசனுக்குப் பிறகு வந்த மூன்றாம் மாதம்தான் ஞாபகம் வந்தது. போனில் கதைத்தால் பாதி விட்டுப்போகும் என்றுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட, ஆனால் குசினியை விடமாட்டேன் என்கிறார். பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. நானும் ஒரு பழத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டேன், அது போதும் என்று ஆகிவிட்டது. 118 கிலோவில் இருந்தவன் இப்போது 84இல் நிற்கிறேன், பண்ணைப் பாலத்தில் பின்னேரம் நடக்கும்போது மூச்சு வாங்குவதில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உனக்குச் செய்ததும் எனக்குச் செய்ததும் ஒன்றல்ல. எனக்குக் கொழும்பில் செய்தது ஸ்லீவ், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி விட்டிருக்கிறார்கள். உன்னுடையது பைபாஸ். மேல்பக்கத்தில் ஒரு முட்டையளவு பை ஆக்கி, அதை நேரே சிறுகுடலில் இணைத்திருக்கிறார்கள். ஆனால் புட்டு இரண்டு பேருக்கும் ஒரே கதைதான். உலர்ந்த சாமான், வாயில் வடிவாக ஊறாமல் விழுங்கினால் போய்க் கட்டியாக நின்றுவிடும். சோறும் பாணும் அப்படித்தான். நாங்கள் சின்ன வயதில் பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம் ஐந்து நிமிசத்தில் ஒரு கோப்பை புட்டை விழுங்கிவிட்டு ஓடின ஆட்கள், அந்த வேகம் ஐம்பது வயது தாண்டியும் எங்கள் கையில் இருக்கிறது. இரைப்பையைத்தான் டொக்டர் சின்னதாக்கினார், கை பழைய கைதான்.

நான் என்ன செய்தேன் என்றால், கோப்பையில் சாப்பிடுகிற வரிசையை மாற்றினேன். முதல் மீன், பிறகு மரக்கறி, இடம் இருந்தால் மட்டும் கடைசியில் புட்டோ சோறோ. அம்மா பாசையூரில் விளைமீன் வாங்குவித்து உறைப்புக் குறைத்துச் சொதி வைப்பார். அந்தத் துண்டை முள் நீக்கி, விரல் நகத்தளவு பிய்த்து, வாயில் வைத்து இருபது இருபத்தைந்து தரம் சப்பி, முழுக்கக் கூழாகின பிறகுதான் விழுங்குவேன், விழுங்கினபின் கையைக் கோப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிடுவேன். கை மடியில் இருந்தால் அடுத்த வாய்க்கு அவசரம் வராது. முதலில் ஒரு துண்டு மீனுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இப்போதும் இருபது நிமிசம் எடுக்கும்.

ஏன் மீன் முதல் என்றால், ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு சேர்த்துத் தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் சமைத்த மீனில் 20க்குக் கிட்ட. காலையில் இரண்டு முட்டை, மத்தியானமும் இரவும் மீன், இடையில் அரைக் கோப்பைப் பருப்பு என்றால் மட்டுமட்டாக 60 வரும். இருக்கிற கொஞ்ச இடத்தைப் புட்டு பிடித்துவிட்டால் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும், சொல்லு.

தண்ணியும் அதே மாதிரி. பக்கத்தில் பேணியை வைத்துக்கொண்டு சோறும் தண்ணியுமாக இறக்கிப் பழகினவர்கள் நாங்கள். சாப்பாட்டோடு தண்ணி குடித்தால் அந்தச் சின்னப் பை நிரம்பிவிடும், அல்லது சாப்பாட்டைக் கழுவிக் கீழே தள்ளிவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் பசிக்கும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லீற்றர் போகவும் வேண்டும், எங்கள் சித்திரை வெயிலுக்கு அதற்கும் மேல். மடக்கு மடக்காகக் குடிக்க ஏலாது, அதனால் நான் போகிற இடமெல்லாம் போத்தலோடு போய் ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறேன்.

கலியாண வீட்டுப் பாயாசம் குடித்து நெஞ்சு படபடத்து வேர்த்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ் செய்தவர்களுக்குத்தான் கூட வரும். சீனி இரைப்பையில் தங்காமல் ஒரேயடியாகச் சிறுகுடலுக்குள் விழ, குடல் உடம்பின் தண்ணியை இழுக்கிறது, படபடப்பு, வேர்வை, வயிற்றோட்டம் எல்லாம் அதனால்தான். சிலருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி இறங்கி மயக்கம் வரும். நீ பயந்துபோய் இதயத்தில் ஏதோ என்று நினைத்திருப்பாய். டொக்டரிடம் கட்டாயம் சொல்லு, ஆனால் பாயாசத்தையும் கருப்பநீரையும் இனி விட்டுவிடு மச்சான். கள்ளும் வேண்டாம், உன்னுடைய வயிற்றுக்கு இப்போது மது சட்டென்று ஏறும். முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரோபன் போடுகிற பழக்கம் உனக்கு இருந்தது, அதுவும் கூடாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும். பரசிற்றமோல் போடலாமா என்று கேட்டுப்போடு.

எனக்கு நடந்த ஒன்றையும் உனக்கு மறைக்கக் கூடாது. ஆறாம் மாதம் நன்றாக இருக்கிறேன் என்ற நினைப்பில் விற்றமின் குளிசைகளை விட்டுவிட்டேன். அதே நேரம் நல்லூர்த் திருவிழா தொடங்கியது. 25 நாளும் மீன் முட்டை இல்லை, அதற்கு ஈடாக என்ன சாப்பிடுவது என்று நான் யோசிக்கவில்லை. பின்னேரம் மிக்சரும் பிஸ்கட்டும் கொறித்தேன். அவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்ததாகக் காட்டாது, எவ்வளவு போனது என்றே தெரியாது. தேர் அன்று வீதியில் நிற்கக் கால் நடுங்கியது. இரத்தம் பார்த்தபோது இரும்பும் பி12உம் கீழே போயிருந்தன. தலைமயிர் கொட்டினதைக் கூட, அது மூன்று நாலு மாதத்தில் கனபேருக்கு வருவதுதானே என்று கவனிக்காமல் விட்டிருந்தேன். பிறகு பி12 ஊசி போட்டு, ஒழுங்காகக் குளிசை எடுத்து, நிமிர இரண்டு மாதம் பிடித்தது. இனி இது சாகும் வரைக்குமான குளிசை. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடாதே, இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடு. இரும்புக் குளிசை போட்ட கையோடு தேத்தண்ணியும் குடியாதே, சத்து சேராது. அடுத்த வருசத் திருவிழாவுக்கு நான் முன்கூட்டியே பயறு, பருப்பு, தயிர், சோயா மீற் என்று அம்மாவோடு இருந்து கணக்குப் போட்டேன், 25 நாளும் சுகமாகப் போனது.

தங்கச்சியிடம் ஒரு விசயம் சொல்லு. எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் கோப்பையில் இன்னொரு அகப்பை போடுவதுதான், அவர் அழுததும் அதனால்தான். இங்கே கலியாண வீட்டில் ஒரு மாமி என் கையைப் பிடித்து, "மெலிஞ்சு கருவாடாய்ப் போனாய், ஏதும் வருத்தமோ" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். எனக்கு மனம் நொந்தது. அம்மாதான் பதில் சொன்னார்: "பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் இருக்கெல்லே, இவனுக்கும் அப்பிடித்தான், ஒண்டையும் திணியாதேங்கோ." அதற்குப் பிறகு ஒருவரும் என் கோப்பையில் கை வைக்கவில்லை. இந்தப் பத்தியம் என்ற சொல்லைத் தங்கச்சிக்குச் சொல்லிப்பார், அவருக்கு உடனே விளங்கும்.

ஆவணியில் வருகிறாய் என்றாய். திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுவோம். அம்மா ஒடியல் மா எடுத்து வைத்திருக்கிறார், நண்டும் இறாலும் மீனும் நான் வாங்குவேன், உன் வயிற்றுக்காக மிளகாயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். போன முறை பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்தபோதுதான் கவனித்தேன், அதில் ஒரு தரத்துக்கு ஒரு வாய்தான் பிடிக்கும், வடிந்துவிடும் என்று மெதுவாகத்தான் தூக்கவும் வேண்டும், இறாலையும் நண்டுச் சதையையும் ஒவ்வொன்றாய்ச் சப்பித்தான் இறக்கலாம். நான் ஆறு இலை குடித்தேன், வயிறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. உனக்கு மூன்று இலை போதும். நானும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் குடிப்போம்.

இரத்தப் பரிசோதனை வந்ததும் பி12 எவ்வளவு என்று எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி