பங்குனியில் புறப்படும் பறவைகளையும் எழுதி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் வன்னிக் குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் தமிழ்ப் பத்திரிகைகளில் பறவைப் படங்களும் வரத் தொடங்கிவிடும். வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன என்ற செய்தியோடு வரும் அந்தப் படங்களில் பெரும்பாலும் நிற்பவை மஞ்சள் சொண்டு நாரையும் கூழைக்கடாவும்தான். இரண்டும் இலங்கையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. நீரும் மீனும் இருக்கும் இடம் பார்த்துக் குளத்துக்குக் குளம் மாறுகின்றன, அவ்வளவுதான். நத்தைகுத்தி நாரையும், சீழ்க்கை ஒலியோடு கூட்டமாகப் பறக்கும் மரத்தாராவும் அப்படியே. உண்மையில் தொலைதூரத்திலிருந்து வந்தவை அதே படத்தின் ஓரத்தில், சேற்றோடு சேறாக, சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றின் பெயர் செய்தியில் வருவது அரிது.

புரட்டாதி தொடக்கம் ஐப்பசி வரை வந்து சேரும் இந்தப் பறவைகளைப் பார்ப்பதற்கு மிக நல்ல காலம் மார்கழி அல்ல, மாசியும் பங்குனியும்தான். அந்த நேரத்தில் குளத்தில் நீர் வற்றி அலைகரையில் சேறு வெளிப்படும். புழுவும் நத்தையும் பூச்சிகளின் இளம்பருவமும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. பரந்து மேய்ந்த பறவைகள் அந்த ஒடுங்கிய பட்டியில் ஒன்றுசேர்கின்றன. நீண்ட பயணத்துக்கு முன் கொழுப்பைச் சேமிக்க வேண்டியிருப்பதால் நாள் முழுவதும் இரை தேடுகின்றன. சில கரைப்பறவை இனங்களில் புறப்படும் நேரத்து எடை வழமையான எடையின் இரட்டிப்பை நெருங்கும். முக்கியமாக, இறகு மாறுகிறது. ஐப்பசியில் அடையாளம் பிரிக்க முடியாமல் இருந்த பறவை பங்குனியில் தன் நிறத்தைத் தானே காட்டிவிடுகிறது.

கீழ்நோக்கி மெல்ல வளைந்த கறுத்த சொண்டும் கறுத்த கால்களும் உள்ள ஓர் உள்ளான் (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவை; ஆங்கிலத்தில் Curlew Sandpiper) ஆனையிறவுக் களப்பிலும் சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் கூட்டமாக நிற்கும். மைனாவிலும் சற்றுச் சிறியது. தை மாதத்தில் மேலே சாம்பல், கீழே வெள்ளை. பக்கத்தில் நிற்கும் மற்ற உள்ளான்களிலிருந்து பிரிப்பது சிரமம். பங்குனி நடுப்பகுதியில் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிற இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கும். சித்திரை தொடங்கும்போது சில முழுச் சிவப்பாகிவிடும். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை தெரிந்தால் சந்தேகமே இல்லை. இது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடித் துந்திரா நிலத்தில். வேறு கரைப்பறவைகளான உப்புக்கொத்திகளில், பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுத்து வருவதும், சிறு மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பட்டை விழுவதும் இதே வாரங்களில்தான்.

தாராக்களிலும் இதே கதைதான். நீலச்சிறகி ஆண்கள் இங்கு வந்து சேரும்போது பெண்ணைப் போலவே மண்ணிறமாக இருக்கும். மாசி மாதமளவில்தான் கண்ணுக்கு மேலே வளைந்து கழுத்துவரை இறங்கும் வெள்ளைக் கோடு தெளிவாகும். கட்டுக்கரைக்குளத்தில் ஐப்பசியில் பார்த்து "எல்லாம் பெண்" என்று எழுதிவைப்பது வழமையான பிழை. அதற்குக் காரணம் இதுதான். நீர்மேல் பறந்து இரை பிடிக்கும் மீசை ஆலாவின் வயிறு கருஞ்சாம்பலாகி உச்சி கறுப்பதை வயல்வெளிகளிலேயே காணலாம். மின்கம்பியில் வரிசையாக இருக்கும் தகைவிலானைப் பார்ப்பவர்கள் தொண்டையைக் கவனிக்க வேண்டும்: செம்மண் நிறத் தொண்டை, அதன் கீழ் கருமையான பட்டி, பிறகு வெளிறிய வயிறு என்றால் வடக்கிலிருந்து வந்தது, தொண்டை முதல் வால்வரை கீழ்ப்புறம் முழுவதும் செந்நிறம் என்றால் நம் நாட்டுக்கே உரியது, எங்கும் போகாது.

பார்க்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் ஒருமுறை போய் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தொலைநோக்கி 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். கூடுதல் பெருக்கம் வேண்டுமென்று 10×50 வாங்கினால் பாரத்தில் கை நடுங்கி, கிடைத்த பெருக்கமும் வீணாகும். களப்பின் நடுவில் நிற்பவற்றுக்குத் தாங்கியில் பொருத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும். குளக்கட்டில் நின்று பார்க்க அது கட்டாயமில்லை.

வெளிச்சம் முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ விழ வேண்டும். இரணைமடுவின் கட்டு குளத்தின் வடக்கில் இருக்கிறது. கட்டில் நிற்பவர் தெற்கே பார்க்கிறார். தை, மாசியில் நண்பகல் வெயிலும் தெற்கிலிருந்தே அடிப்பதால் பறவை எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். காலை 6 மணிக்கும் 8.30க்கும் இடையில், அல்லது மாலை 4.30க்குப் பின் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது போக வேண்டும். களப்புகளில் காலை 9 மணிக்குப் பிறகு இன்னொரு தொல்லை: சேற்றிலிருந்து கானல் எழும்பும். அதற்குள் பார்த்தால் பவளக்காலியின் சிவப்புக் காலும் பச்சைக்காலியின் பச்சைக் காலும் ஒன்றுபோல நடுங்கித் தெரியும். எவ்வளவு விலைகூடிய கண்ணாடியும் கானலை வெல்லாது. சேறு ஒட்டிய காலின் நிறத்தையும் நம்பக்கூடாது. பவளக்காலி பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் தெரியும் வெள்ளைப் பட்டியே பிழைவிடாத அடையாளம்.

கூட்டத்தை எண்ணும்போது ஓர் ஓரத்திலிருந்து பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு அகலத்தைப் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, பத்துப் பத்தாக மறு ஓரம் வரை போக வேண்டும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. தாழ்ந்த இடத்தில் நின்று பூநாரையை எண்ணினால் முன்னால் நிற்பவை பின்னால் நிற்பவற்றை மறைத்து எண்ணிக்கை குறைந்துவிடும். கட்டிலோ பாலத்திலோ ஏறி நின்றால் ஓரளவு திருந்தும். நடுவில் கூட்டம் கிளம்பினால் பாதிக் கணக்கை விட்டுவிட்டு, இறங்கிய பின் முதலிலிருந்து தொடங்குவதே சரி.

இனி, இக்கடிதத்தின் முக்கிய விடயம். பறவை வந்த நாளைப் பலர் குறிக்கிறார்கள். போன நாளைக் குறிப்பவர் மிகச் சிலர். வருவது கண்ணில் படும், போவது படாது. கடைசியாகப் பார்த்த நாள் எது என்பது, அதன் பிறகும் போய் வெறுங்குளத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆகவே மாசி தொடக்கத்திலிருந்து ஒரே குளத்துக்கு, ஒரே நேரத்தில், வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். ஓர் இனம் காணாமற் போன பிறகும் குறைந்தது மூன்று வாரம் தொடர வேண்டும். "இல்லை" என்பதும் பதிவுதான். அன்றைய தாளில் சுழியம் என்று எழுத வேண்டும். குளத்தின் பெயர், எந்தப் பக்கம், நேரம், நீர்மட்டம், சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்தாயிற்றா என்பவை கூடவே வேண்டும், ஏனெனில் பறவை போனது பருவத்தாலா, சேறு காய்ந்ததாலா என்பதை அவைதான் காட்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பது. பங்குனியில் எந்தக் குளத்தை எந்தப் பறவை நம்பியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அலைகரை நிலத்தை வெட்டும்போதும் நிரப்பும்போதும் எதிர்த்துக் கேட்க நம் கையில் ஒரு தாள்கூட இல்லாமற் போவது இதனால்தான்.

எல்லாப் பறவையும் போய்விடுவதில்லை. கரைப்பறவைகளில் முதல் வயது இளம்பறவைகள் பல இங்கேயே வெயில்காலத்தைக் கழிக்கும். அவை நிறமும் மாறாது. ஆனியில் களப்பில் சாம்பல் நிற உள்ளான் நின்றால் அதைப் பிழையான பதிவு என்று தள்ள வேண்டாம். தூரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் 2021இல் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை போனது பதிவாகியிருக்கிறது.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூநாரைக் கூட்டம் முழுவதும் வானில் எழும்பும் படம் அழகானது. ஆனால் பல வேளைகளில் அது யாரோ ஓடியோ, ட்ரோன் விட்டோ கிளப்பிய கூட்டம். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்பவை ஒவ்வொன்றாகக் கழுத்தை உயர்த்தி, ஒரே பக்கம் பார்த்து, மெல்ல நடக்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓரடியும் வைக்கக்கூடாது. புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. எழும்பிய கூட்டத்தின் படத்தைப் பத்திரிகை போடாமல் விட்டாலே துரத்துவது குறையும் என்று உறுதியாக நம்புகிறோம். கண்ணி வைத்து உள்ளான் பிடிப்பதும் தொடர்கிறது; 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

புதிதாகப் போகும் இளையோர் தனியே போக வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்புக் கம்போ உள்ள பக்கம் பறவைக்காக ஓரடியும் இறங்கக்கூடாது. அலைகரைக்கு மாலையில் யானை தண்ணீருக்கு வரும். இருட்டுமுன் கட்டுக்கு ஏறிவிட வேண்டும். முதலை உள்ள குளங்களில் நீரோரம் குந்தியிருந்து படம் எடுப்பது ஆபத்து. சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா. உள்ளே போவதற்கு முன் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கள் பத்திரிகை மாசியிலிருந்து சித்திரை முடியும்வரை வாரம் ஒரு சிறு பத்தி ஒதுக்கித் தர வேண்டும். பறவையின் பெயர், எண்ணிக்கை, குளம், திகதி என்ற நான்கு விபரம் போதும். ஆசிரியர்களும் மாணவர்களும் கமக்காரரும் மீனவரும் எழுதுவார்கள். நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்வோர் நாள்தோறும் கட்டில் நிற்பவர்கள், அவர்களும் எழுதலாம். பெயர் தெரியாதவர்கள் சொண்டின் வடிவத்தையும் காலின் நிறத்தையும் பறக்கும்போது வெள்ளை தெரிந்த இடத்தையும் எழுதினால் தெரிந்தவர்கள் அடுத்த வாரம் பெயர் சொல்வார்கள். கூடு கட்டியுள்ள செய்தி வந்தால் குளத்தின் பெயரை மட்டும் போடுங்கள். மரத்தையும் போகும் பாதையையும் போட வேண்டாம்.

இங்ஙனம்,
பறவை நோக்கும் வாசகர்கள்,
கிளிநொச்சி.