எம்.பி.எஸ்.ஸின் 'ஓய்வு நேரம்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரை இசையமைப்பாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எம்.பி. சீனிவாசன் "ஓய்வு நேரங்களில் ஒரு சேர்ந்திசைக் குழுவையும் நடத்திவந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், யேசுதாசை முதன்முதலாகத் திரைக்குப் பாடவைத்தவர் என்பதையெல்லாம் கட்டுரை சொல்கிறது; தாங்களும் அறிவீர்கள். ஆனால் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியின் பாடல்களை, ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் செல்லும் பல குரல்களுக்குப் பிரித்து எழுதிப் பாடவைத்தவர், 1988 மார்ச்சில் சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த லட்சத்தீவிலேயே உயிர்நீத்தார் என்பதையும் தாங்கள் அறிவீர்கள்தானே? அதுவா ஓய்வு நேரம்?

இருபத்தேழு ஆண்டுகள் பள்ளி இசை ஆசிரியையாக இருந்தவள் நான். மேல்குரல் தன் மெட்டில் போகும்போது, கீழ்க்குரல் பாடும் குழந்தை பக்கத்துக் குரலுக்கு இழுபட்டுப் போகாமல் நிற்கப் பழகவே மூன்று வாரம் ஆகும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாடிய பிள்ளைகளை இன்றும் நினைவிருக்கிறது. அப்படிப் பழக்கி ஆண்டுவிழாவில் மேடையேற்றியபோது, "எல்லோரும் ஒரே மாதிரி பாடவில்லையே, டீச்சர்" என்று நிர்வாகத்தினர் வருத்தப்பட்டார்கள். மறு ஆண்டு பயிற்சி வகுப்பே கால அட்டவணையில் இல்லை. நாற்பது பேர் ஒரே மெட்டைச் சேர்ந்து கத்துவதுதான் சேர்ந்திசை என்ற எண்ணம் பள்ளிகளில் மட்டுமல்ல, பத்திரிகைகளிலும் இருக்கிறது என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் ஒரு சேர்ந்திசை நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியில் முன்வரிசைப் பாடகியின் பெயர் இருந்தது, நடத்துநரின் பெயர் இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை.

திரைப்படத்தில் பாடலுக்கு இசையமைத்தவரின் பெயரைப் போடுவார்கள். நாற்பது சாதாரணக் குரல்களை ஒன்றையொன்று கேட்கப் பழக்கியவருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. ஆகவே அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் மட்டும் கேட்கிறேன்: 'ஓய்வு நேரங்களில்' என்ற சொற்களை நீக்கி, 'இசையமைப்பாளர்' என்பதோடு 'சேர்ந்திசை நடத்துநர்' என்றும் சேர்த்து வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை