புண்ணைச் சும்மா விடு

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மகனுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனிலேயே பேசலாம்தான், ஆனால் நம் வீட்டு வளவில் நின்று பேசினால் முகப்பில் இருப்பவருக்கும் கேட்கும், இரண்டாம் கட்டில் இருப்பவருக்கும் கேட்கும். அதனால் மருந்துக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆத்தாவிடம் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். அதற்கே பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டாள்.

நீ அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். பிறப்புறுப்பில் வந்த மருவைக் கரண்டு வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறார்கள். வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவ வாஸ்லின், இவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மேலோட்டமான புண், சுத்தமாக வைத்தால் தானே ஆறும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் சில நாள் தெளிந்த மஞ்சள் நீர் கசியும், ஜட்டியில் ரத்தம் சொட்டுப் படும். அதைச் சீழ் என்று நினைத்துப் பயப்படாதே. பொருக்கு கட்டினால் உரிக்காதே, கொப்புளம் இருந்தால் குத்தாதே.

கழுவும் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அங்கே கை வைப்பதற்கு முன்னாலும் கழுவணும், பின்னாலும் கழுவணும். பின்னால் மட்டும் கழுவுகிறவர்களே அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரை மக்கால் மெதுவாக ஊற்று. வாசனை இல்லாத சோப்பைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் போடு, புண்மேல் தேய்க்காதே. பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடு. ஈரம் போன பிறகே வாஸ்லின், அதுவும் லேசாக. டப்பாவுக்குள் கழுவாத விரலை விடாதே. ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் கூடவே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போ, நிறையத் தண்ணீர் குடி. எரிகிறது என்று தண்ணீரைக் குறைத்தால் இன்னும் கூடத்தான் எரியும். வலி இருந்தால் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் உட்காரலாம். பேசின் உனக்கென்று தனியாக இருக்கட்டும்.

வீட்டில் இருக்கும்போது கைலி போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம். ஆபீசுக்குத் தளர்வான பருத்தி ஜட்டி. ஜீன்ஸைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. ஜிம், நீச்சல், பைக்கில் நெடும் பயணம் எல்லாம் ஆறிய பிறகு.

இனி, போடக் கூடாதவை. அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்திருப்பார், சுண்ணாம்பும் சொல்லியிருப்பார். எதுவும் வேண்டாம். டெட்டால் வேண்டாம், பவுடர் வேண்டாம். காலாணிக்கு விற்கிற மருந்தைக் கேட்டு எத்தனை பேர் கவுண்டரில் குரலைத் தாழ்த்தி நிற்கிறார்கள் தெரியுமா? அது அமிலம், அந்த இடத்துத் தோலை அரித்துவிடும். அதைவிட மோசம், படர்தாமரைக்கு என்று விற்கும் கலவைக் களிம்புகள். உள்ளே ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், புண் ஆறுவது தாமதமாகும். சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள், என்ன செய்ய?

பத்தியம் கேட்டிருந்தாய். கோழி, கருவாடு, கத்தரிக்காய் எதுவும் புண்ணைக் கெடுக்காது. சிகரெட் கெடுக்கும், இருந்தால் இதைச் சாக்காக வைத்து விட்டுவிடு.

அறையில் இருக்கும் நண்பர்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. கக்கூஸ் பீங்கானில் உட்கார்ந்து இது ஒட்டிக்கொள்வதில்லை, தோலோடு தோல் உரசித்தான் பரவும். ஆனாலும் துண்டும் ரேசரும் தனியாக வை, துணியைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போடு. ஆறும்வரை அந்தப் பக்கம் சிரைக்காதே. கீறல் பட்ட இடத்தில் புது மரு கிளம்பலாம்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் எடுக்காமல் அழுத்திப் பிடி. அப்படியும் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு சீழ் வந்தால், சிவப்பு பரவிக்கொண்டே போனால், வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், ஒன்றுக்கு வராமல் அடைத்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போ. என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதே.

மரு போனாலும் வைரஸ் தோலில் கொஞ்ச காலம் தங்கியிருக்கலாம். அதனால் முதல் மூன்று மாதத்தில் மறுபடி முளைப்பது சகஜம். முளைத்தால் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். இந்த மருவைப் பெரும்பாலும் உண்டாக்குவது எச்பிவி என்ற வைரஸின் 6, 11 வகைகள். புற்றுநோயோடு முக்கியமாகச் சேர்த்துப் பேசப்படும் 16, 18 வேறு. ராத்திரி நெட்டில் தேடிப் பயந்திருப்பாய் என்று தெரியும். தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேள். இருக்கிற மருவை அது போக்காது, உனக்கு இன்னும் வராத வகைகளைத் தடுக்கும்.

யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வைரஸ் உள்ளே புகுந்து மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடச் சும்மா இருந்து பிறகு தலைகாட்டும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உன்னோடு பழகுகிறவர் இருந்தால் அவரிடம் சொல்லு. பெண்ணாக இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். முழுசாக ஆறும்வரை உறவு வேண்டாம். அதற்கப்புறமும் ஆணுறை போடு. ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது.

தேவகோட்டையிலிருந்து வந்த ஜாதகத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். கல்யாணத்தை நிறுத்துகிற வியாதி இல்லை இது. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நீயே சொல்லணும், அவ்வளவுதான். அதற்குத் தைரியம் வந்ததும் எனக்குச் சொல், எடுத்துப் பார்ப்போம்.

ஆத்தா கொடுத்த தேன்குழலும் சீப்புச் சீடையும் கூரியரில் வருகிறது. டின்னுக்கு அடியில் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்த துண்டுகள் இருக்கும், ஒற்றி எடுக்க. நண்பர்களுக்குத் தேன்குழலைக் கொடு. துண்டு எதற்கு என்று கேட்டால் கண்ணாடி துடைக்க என்று சொல்லிக்கொள்.

மறுபடி காட்டச் சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதே.

அப்பச்சி