கோமதிக்கு, செங்கோட்டையிலிருந்து

செங்கோட்டை
ஆடி 5

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடுதாசி புதன்கிழமை கிடைச்சது. பேரன் எழுந்து நடக்கான்னு படிச்சதும் மனசு நிறைஞ்சுபோச்சு. இங்க சாரல் விடாம விழுது. ஆரியங்காவு கணவாய்க் காத்துல ஒரு சேலை காய ரெண்டு நாள் ஆகுது. இவங்களுக்கு மூட்டுவலி தேவலை.

கேரமல் கஸ்டர்டு ரெண்டு தடவை செஞ்சும் உள்ள ஓட்டை ஓட்டையா வந்து, தண்ணி விட்டு, கவிச்சி அடிச்சதுன்னு எழுதியிருந்தியே, எனக்கும் இத்தனை வருஷமா அதேதான். போன மாசம் புனலூர் போய் எதிர்வீட்டுச் சேச்சியைப் பார்த்த பிறகுதான் எங்க தப்புன்னு தெரிஞ்சது.

சேச்சியை மறந்திருக்க மாட்டே. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு நாம அவங்க திண்ணையில காத்துக்கிடப்போம். டப்பாவைத் தட்டுல கவுத்து மெதுவா எடுப்பாங்க. பாகு நாலு பக்கமும் வழிய, நடுவுல புட்டிங் ஆடிக்கிட்டு நிக்கும். இப்ப மகன் வீட்டுல இருக்காங்க. கண் மங்கிப்போச்சு. என் குரலைக் கேட்டதும் "கோமதி எவிடே?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

ரயில்லதான் போனேன். 2018-ல அகலப்பாதையாக்கின பிறகு நான் அந்த வழியா போறது இதான் முதல் தடவை. பதிமூணு கண் பாலத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான்.

அடுப்புப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, என்னையே செய்யச் சொன்னாங்க. ஆறு ஸ்பூன் சீனி, ரெண்டு ஸ்பூன் தண்ணி. கரண்டி போட்டுக் கிண்டாதே, சீனி பூத்துப்போகும்; சட்டியைத்தான் சுழற்றணும். கட்டன் சாயா, அதான் பால் விடாத டீ, அந்த நிறம் வரணும். "நிறம் மாறட்டே, கரியருது", கருகிரக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தவங்க, திடீர்னு "மதி", போதும்னாங்க. பார்க்கவே இல்லை, மணத்தை வச்சே சொன்னாங்க. அணைச்ச பிறகும் சட்டிச் சூட்டுல பாகு கறுத்துக்கிட்டே போகும், அதனால ஒரு நொடி முந்தி அணைச்சுட்டு, உடனே எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி அடியெல்லாம் பரவ விடு. ஆறும்போது டக் டக்னு விரியும், பயப்படாதே.

அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, கை பொறுக்குற சூட்டுக்கு ஆறவிடு. நாலு முட்டை, அஞ்சு ஸ்பூன் சீனி. நாட்டுக்கோழி முட்டைன்னா சின்னது, அஞ்சு வேணும். நுரை வர அடிக்காதே, சும்மா கலக்கு. பாலைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து, கட்டாயம் வடிகட்டு. வெள்ளைக்கருவுல இருக்கிற அந்தத் திரி சல்லடையில நின்னுரும். கவிச்சிக்கு வெண்ணிலா எசன்ஸ் போதாது கோமதி. சேச்சி ஜாதிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை போடச் சொன்னாங்க. அப்பதான் அந்தத் திண்ணை மணமே வந்தது.

இனிதான் முக்கியம். இட்லிக் கொப்பரையில தண்ணி காஞ்சதும் டப்பாவை மூடி உள்ள வச்சேன். கொப்பரை மூடியில துண்டைக் கட்டிக்கோ, இல்லைன்னா வேர்வைத் தண்ணி சொட்டும். நான் எப்பவும் போல தீயைத் தூக்கி வச்சேன், மூடி தடதடன்னு ஆடுச்சு. சேச்சி கையை நீட்டி "மூடி சத்தம் போடக் கூடாது மோளே"ன்னாங்க. சத்தம் நிக்கிற வரைக்கும் தீயைக் குறைக்க வச்சாங்க. நம்ம தப்பு அங்கதான். இந்தக் கலவை 80 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சுரும். 85-ஐத் தாண்டினா முட்டை இறுகி, பிழிஞ்ச மாதிரி தண்ணியைக் கக்கிரும், ஓட்டையும் விழும். நாம இட்லி அவிக்கிற தீயிலயே இதையும் அவிச்சிருக்கோம்.

அரை மணி நேரம் கழிச்சு ஓரத்துல ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தேன், ஒட்டலை. நடு மட்டும் லேசா ஆடுச்சு. அதுவே பதம், ஆறினா தானே நிக்கும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். கல்லா கிடக்கிற பாகு அந்த ஈரத்தை இழுத்துத்தான் திரும்ப இளகும். நீ அவசரப்பட்டு ஒரு மணி நேரத்துல கவுத்தியாமே, அதான் பாகெல்லாம் டப்பாவோட அடியிலயே ஒட்டிக்கிச்சு.

மறுநாள் காலையில கவுத்தோம். ஒரு ஓட்டை இல்லை. சேச்சி ஸ்பூனை வாங்காம விரலால மேல தொட்டுப் பார்த்தாங்க, பாகு விரல்ல வழிஞ்சது. சிரிச்சாங்க ஏட்டி. நான் புடவைத் தலைப்பால அவங்க கையைத் துடைச்சுவிட்டேன்.

உன் மருமக முட்டை சேர்க்க மாட்டாளே, அவளுக்குக் கஸ்டர்டு பவுடர்ல செஞ்சு கொடு. முட்டை ஒத்துக்காத பொண்டாட்டிக்காக 1837-ல இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சதுதான் அது. சோளமாவுல கெட்டியாகும். தட்டுல கவுக்கணும்னா கொஞ்சம் கடல்பாசியும் சேரு. ருசி வேறயா இருக்கும், ஆனா அவளும் நம்மகூட உக்காந்து சாப்பிடலாம்.

குத்தாலத்துல வாங்கின ஜாதிக்காய் ரெண்டு இதோட அனுப்பியிருக்கேன். பொடிச்சு வைக்காதே, மணம் போயிரும், அப்பப்ப துருவிக்கோ. செஞ்சு பார்த்துட்டு உடனே எழுது. ஆவணியில நீ வரும்போது ரெண்டு பேருமா புனலூர் போவோம், சேச்சிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.

உன் அன்புள்ள,
பகவதி