எந்தப் பிராசசருடன் சோதித்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம்களுக்கான கணினி வாங்குவோருக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்தது. தமிழில் இவ்விஷயத்தைப் பொறுமையாக எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், முதலில் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் அதனுடன் அச்சான அட்டவணை, ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டின் பெயருக்கு எதிரேயும் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) என்று ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த எண் எந்தப் பிராசசருடன், எந்த ரெசல்யூஷனில் (திரையின் பிக்சல் அளவில்), எந்த கேமில் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. மாதத் தவணையிலாவது பிள்ளைக்கு ஒரு நல்ல கணினி வாங்கித் தர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் அந்த எண்ணை நம்பித்தான் கடைக்குப் போகிறார்கள். ஆகவே இதைச் சிறிய விடுபடலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு ஃப்ரேம் திரைக்கு வருவதற்கு முன் இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது. ஆடுபவர் எந்தப் பட்டனை அழுத்தினார், எதிரி எந்தப் பக்கம் நகர வேண்டும், வெடித்த சுவரின் துண்டுகள் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு, இன்னின்ன பொருளை இன்னின்ன இடத்தில் வரையவும் என்ற கட்டளைகளைத் தயாரித்துக் கொடுப்பது பிராசசர். அக்கட்டளைகளை வாங்கி, வண்ணமும் ஒளியும் நிழலும் சேர்த்துப் பிக்சல்களாக வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி நொடி. நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த நினைத்தால் அது ஏறத்தாழ 6.9 மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். கார்டு ஒரு ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃப்ரேமுக்கான வேலையைத் தொடங்கிவிடுவதால், இரண்டின் நேரமும் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை; எது மெதுவானதோ அதன் வேகமே கணினியின் வேகமாகிறது. பரோட்டாக் கடையில் மாவு வீசித் தருபவரின் கை தாமதித்தால், கல் எவ்வளவு பெரியதாக இருந்தும் இலையில் வந்து விழும் பரோட்டாவின் எண்ணிக்கை கூடாது.

இதில் ரெசல்யூஷனின் பங்கு பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 4கே திரையில் அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது சுமார் 82.9 லட்சம். பிக்சல்கள் கூடும்போது கார்டின் வேலை பெருகுகிறது. பிராசசரின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஏனெனில் எதிரி நகர வேண்டிய இடத்தைக் கணக்கிட பிக்சல்களின் எண்ணிக்கை தேவையில்லை. ஆகவே 1080பி திரையில் பிராசசரால் தடுக்கப்பட்டு நிற்கும் அதே பிராசசர்-கார்டு ஜோடி, 4கே திரையில் கார்டால் தடுக்கப்படக்கூடும். இப்படி ஒன்று மற்றொன்றைத் தடுப்பதைப் 'பாட்டில்நெக்' என்பார்கள். இணையத்தில் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' என்ற பெயரில் சில தளங்கள், பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் வாங்கிக்கொண்டு, 'இந்த ஜோடியில் 14 விழுக்காடு பாட்டில்நெக்' என்பது போல ஒரு எண்ணைத் தருகின்றன. எந்த கேம் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் சொல்லப்படும் அந்த எண்ணுக்கு, என் கருத்தில், கிளி ஜோசியச் சீட்டுக்கு உள்ள மதிப்பே உண்டு.

ஏனெனில் கேமுக்கு கேம் சுமை மாறுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்ற போட்டி கேம்களில் படத்தரத்தைக் குறைத்து வைத்து 200, 300 ஃப்ரேம் வரை எதிர்பார்த்து ஆடுகிறார்கள். அந்த வேகத்தில் பெரும்பாலும் பிராசசரே எல்லையை வகுக்கிறது. 2024 மார்ச்சில் வெளிவந்த டிராகன்ஸ் டாக்மா 2 கேமில் காட்டுக்குள் சீராக ஓடிய கணினிகள்கூட நகரத்துக்குள் நுழைந்ததும் திணறின. அங்கு நடமாடும் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் பிராசசரின் திறன் பெருமளவில் செலவாகிறது என்று கேமை உருவாக்கிய கேப்காம் நிறுவனமே விளக்கம் தந்தது. விலை உயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் அந்த நகரத்தில் தப்பவில்லை. இதற்கு மறுமுனையில் சைபர்பங்க் 2077 இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதற்கு வந்த, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் 'பாத் டிரேசிங்' ஒளியமைப்பை 4கேயில் இயக்கினால், சாதாரணப் பிராசசர்கூடக் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வழியைத் தங்கள் இதழ் சொல்லித் தரலாம். கார்டுகளை ஒப்பிடுவோர், பிராசசர் குறுக்கே வராமல் இருக்க வேண்டும் என்பதற்காக, சந்தையிலேயே வேகமான பிராசசரைப் போட்டுச் சோதிக்கிறார்கள். பிராசசர்களை ஒப்பிடுவோர், கார்டு குறுக்கே வராமல் இருக்க, மிக உயர்ந்த கார்டைப் போட்டு 1080பியில் சோதிக்கிறார்கள். இரண்டுமே நேர்மையான சோதனைதான். ஆனால் இரண்டும் காட்டுவது உச்ச எல்லையை மட்டுமே. ஒரு கேமில் நீங்கள் வாங்க நினைக்கும் பிராசசர் எட்டும் உச்சம் 90 என்றும், உங்கள் ரெசல்யூஷனில் கார்டு எட்டும் உச்சம் 140 என்றும் வைத்துக்கொண்டால், வீட்டில் கிடைப்பது 90ஐ ஒட்டியே இருக்கும். இரு எண்களில் சிறியதை எடுத்துக்கொண்டால் போதும். தங்கள் அட்டவணை அந்த 140 போன்ற எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தது.

இந்த எளிய கணக்குக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிக்கனமாக வாங்க நினைப்பவர்களையே அது அதிகம் பாதிக்கிறது. 2024 டிசம்பரில் இன்டெல் தனது ஆர்க் பி580 கார்டை 249 டாலர் விலையில், 12 ஜிபி நினைவகத்துடன் வெளியிட்டது. முதலில் வந்த மதிப்புரைகள் பலவும் அதைப் பாராட்டின. அவற்றில் பயன்பட்டவை உயர்தரப் பிராசசர்கள். சில வாரங்கள் கழித்து, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600, ரைசன் 5 5600 போன்ற பழைய அல்லது நடுத்தரப் பிராசசர்களுடன் சோதித்தபோது, சில கேம்களில் அதன் ஃப்ரேம் எண்ணிக்கை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற போட்டிக் கார்டுகளின் சரிவைவிடப் பெரிதாகச் சரிந்தது தெரிய வந்தது. காரணம், கார்டின் டிரைவர் மென்பொருளும் பிராசசரில்தான் ஓடுகிறது. கேமின் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும் அந்த மென்பொருள் கனமாக இருந்தால், கேமுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரே பிராசசரின் உச்ச எல்லை ஒரு நிறுவனத்தின் கார்டுடன் ஒன்றாகவும் மற்றொன்றின் கார்டுடன் வேறாகவும் இருக்க முடியும். 249 டாலர் கார்டை வாங்குபவர் யார்? பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்பவர். அவருக்கு எந்தப் பிராசசர் என்ற தகவல்தான் முழு விஷயமும்.

கடைகளிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் பக்கத்து வீட்டில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், ரைசன் 5 2600 உள்ள தன் பழைய கணினியில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 தடுமாறுகிறது என்று ஒரு கடையில் சொல்ல, கார்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறிப் புதிய கார்டு ஒன்றை விற்றுவிட்டார்கள். ஃப்ரேம் எண்ணிக்கை பெயரளவுக்கே கூடியது. நான் போய்ப் பார்த்தபோது, கேம் ஓடிக்கொண்டிருக்கையில் கார்டின் பயன்பாடு பாதியைத் தாண்டவே இல்லை. ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிப் பார்த்தோம், எண் அசையவில்லை. கார்டின் சுமையைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் தடை கார்டில் இல்லை என்பதற்கு அதைவிட எளிய சோதனை கிடையாது. "பிராசசரும் 35 விழுக்காடுதானே காட்டுகிறது, அங்கிள்?" என்று அவர் கேட்டது நியாயமான சந்தேகம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் அந்த எண், பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை இழைகளான திரெட்கள் எல்லாவற்றின் சராசரி. 12 திரெட் கொண்ட பிராசசரில் ஒரே திரெட் மூச்சு முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 8 விழுக்காடு அளவுக்கே தெரியும். கேமின் முதன்மையான வேலை பெரும்பாலும் அப்படி ஓரிரு திரெட்களில்தான் குவிகிறது.

மூடியைத் திறந்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போடப்பட்டிருந்தது. பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் இருக்கையில் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால், தரவு செல்லும் அளவு பாதியாகிவிடுகிறது. பிராசசரே தடையாக இருக்கும் கேம்களில் இது நேரடியாக ஃப்ரேமைக் குறைக்கும். பொருத்தமான இன்னொரு ஸ்டிக்கைச் சேர்த்து, கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ரேமின் முழு வேகத்தை இயக்கிய பிறகு, புகைக்குண்டு வெடிக்கும் இடங்களில் ஏற்பட்ட திணறல் வெகுவாகக் குறைந்தது. புதிய கார்டுக்குக் கொடுத்த பணத்தின் முன் அந்த ஸ்டிக்கின் விலை ஒரு பொருட்டே அல்ல.

பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேச் நினைவகமும் இதே காரணத்தால் கேம்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, அதற்கு முன் வந்த 5800எக்ஸைவிட கடிகார வேகத்தில் குறைந்தது. ஆனால் அதன் மூன்றாம் நிலை கேச் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவுக்காக ரேம் வரை போய்வர வேண்டிய தேவை குறைந்ததால், பல கேம்களில் அது தன் முன்னோடியை முந்தியது. ஏஎம்4 எனப்படும் ஏஎம்டி சாக்கெட் கொண்ட பழைய மதர்போர்டு வைத்திருப்போர், அதற்கு உரிய பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போர்டை மாற்றாமல் இத்தகைய பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருந்தால்கூடச் சிலருக்குப் பெரும் செலவு மிஞ்சியிருக்கும்.

அட்டவணையில் இன்னொரு குழப்பமும் இருந்தது. சில எண்கள் 'ஃப்ரேம் ஜெனரேஷன்' இயக்கப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டவை போலத் தோன்றின. 2022இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையுடன் என்விடியா கொண்டுவந்த இந்த வசதி, உண்மையாக வரையப்பட்ட இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே ஒன்றைக் கார்டே ஊகித்து வரைந்து செருகுகிறது. அந்த இடைச்செருகலுக்குப் பிராசசரின் கணக்கு எதுவும் தேவைப்படாததால், பிராசசர் மெதுவாக இருந்தாலும் எண் உயர்ந்துவிடும். படமும் வழவழப்பாகத் தெரியும். ஆனால் பட்டனை அழுத்தியதற்குக் கிடைக்கும் பதில் வேகமாவதில்லை. 2025 ஜனவரியில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090க்கு இணையான செயல்திறன் தரும் என்று என்விடியா மேடையில் அறிவித்தது இத்தகைய செருகிய ஃப்ரேம்களையும் சேர்த்த கணக்கில்தான். அவற்றை உண்மையான ஃப்ரேம்களோடு ஒரே பத்தியில் அச்சிடுவது வாசகரைத் தவறான கடைவாசலுக்கு அனுப்புகிறது.

ஆகவே, இனி இத்தகைய அட்டவணை வெளியிடும்போது, சோதனையில் பயன்பட்ட பிராசசர், ரேம் ஸ்டிக்குகளின் எண்ணிக்கை, ரெசல்யூஷன், கேமின் பெயர், ஃப்ரேம் ஜெனரேஷன் இயங்கியதா என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சராசரியின் பக்கத்தில் '1 விழுக்காடு லோ' எனப்படும் எண்ணும் இடம்பெற வேண்டும். மிக மெதுவாக வந்த ஃப்ரேம்களை வைத்துக் கணிக்கப்படும் அந்த எண்ணில்தான் பிராசசரின் தள்ளாட்டம் முதலில் வெளிப்படுகிறது. சராசரி 120 என்று காட்டும் கணினி நெரிசலான காட்சியில் 40க்கு விழுந்தால், ஆடுபவர் உணர்வது அந்த 40ஐத்தான்.

லேப்டாப்களுக்குத் தனி அட்டவணை போடுவது நல்லது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வரும் லேப்டாப் கார்டு, தயாரிப்பாளர் ஒதுக்கும் மின்சக்தியைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இயங்குகிறது. போதாக்குறைக்கு, பல மாடல்களில் பிராசசரும் கார்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒன்று சூடேறினால் மற்றதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியின் மேல் பெரும்பாலும் கார்டின் பெயர் மட்டுமே பெரிதாக இருக்கும். வாட் எண்ணைத் தங்கள் இதழாவது அச்சிட்டால், கடையில் அதைக் கேட்டு வாங்க வாசகர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
மதுரை.