மஃபாத்துக்கு நடந்தே வா

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் அதனுடன் நீ இணைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். செல்வியின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியவரின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன் குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதைத் திருப்பித் தரும் எண்ணம் இந்த ஆண்டும் எனக்கு இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் அந்தத் திட்டத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நீ இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்குப் போகத் தீர்மானித்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் பயண முகவர் எழுதிக் கொடுத்திருப்பது என்ன? மேற்குக் கரையில் ஒரு சொகுசு விடுதி, ஒரு காலையில் ஹெலிகாப்டரில் மஃபாத்தின் மேல் ஒரு வட்டம், ஒரு பிற்பகலில் ‘தமிழர் தீமிதிக் காட்சி’, பிறகு இரவு விருந்துக்கு நேரத்தோடு விடுதிக்குத் திரும்புதல். நம் வகுப்பையே கிளப்பிக்கொண்டு மலையேறப் போன மாலதியா இதற்குத் தலையாட்டினாள்? விமலா கேள்விப்பட்டால் உன்னைச் சும்மா விடமாட்டாள்.

முதலில் மஃபாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீவின் நடுவில் நிற்கும் பிட்டோன் டெ நெஜ், 3,070 மீட்டர் உயரமுள்ள, எப்போதோ அடங்கிப்போன எரிமலை. அதன் உடல் இடிந்தும் மழையால் அரிக்கப்பட்டும் சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்னும் மூன்று பெரும் பள்ளங்கள் உருவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ்ந்திருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் சாலை உண்டு. மஃபாத்துக்கு இன்றுவரை கிடையாது. அங்கே சில நூறு பேர் சிறு சிறு ஊர்களில் வாழ்கிறார்கள். அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன, மின்சாரத்தைச் சூரியத் தகடுகள் தருகின்றன, மனிதர்கள் மட்டும் பெரும்பாலும் கால்நடையாகவே போய் வருகிறார்கள்.

இந்த ஊர்கள் ஏன் இவ்வளவு எட்டாத இடத்தில் இருக்கின்றன என்று கேட்டால், தீவின் வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். 18ஆம் நூற்றாண்டில், இத்தீவு பூர்போன் என்று அழைக்கப்பட்ட காலத்தில், கரையோரக் காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள், துரத்தி வருபவன் ஏறத் தயங்கும் இடங்களைத் தேடித் தேடி இந்தப் பள்ளங்களுக்குள் புகுந்தார்கள். அப்படித் தப்பியவர்களின் தலைவன் ஒருவனுடைய பெயரையே மஃபாத் இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்களைப் பிடிக்கவும் கொல்லவும் பிரான்சுவா முஸ்ஸார் என்பவனைப் போன்ற வேட்டைக்காரர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். இன்று நாம் உல்லாசமாக நடக்கிற மலைச்சரிவுகளில்தான் அந்த அடிமைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஹெலிகாப்டர் சன்னலிலிருந்து பார்த்தால் பச்சைப் பள்ளத்தாக்கும் அருவிகளும் அழகாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரிவின் கடுமை காலில் உறைத்தால்தான், ஒரு மனிதனுக்கு விடுதலை எவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் இங்கே ஏறி வந்திருப்பான் என்பது மனத்தில் உறைக்கும். அதோடு, கீழே வீட்டு வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேல் உல்லாசப் பயணிகளின் ஹெலிகாப்டர் அடுத்தடுத்து இரைந்துகொண்டு போவதை நான் அங்கே நின்று கேட்டிருக்கிறேன். அந்த இரைச்சலில் நீயும் ஒரு பங்காக வேண்டாம்.

நாங்கள் சலாசி பக்கமிருந்து கோல் தே பொஃப் என்னும் கணவாய் வழியாக இறங்கினோம். சற்றுத் தூரத்தில் மலைத் தாமரிந்து மரங்களின் காடு வருகிறது. அது இந்தத் தீவுக்கே உரிய ஒருவகை வேல மரம். சேறு காலை வாங்காதிருக்கப் பாதையின் குறுக்கே உருளைக் கட்டைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மூடுபனி இறங்கியதும் அந்தக் கட்டைகள் வழுவழுவென்று ஈரமாகிவிட்டன; முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே அடியெடுத்து வைத்தோம், கோணல்மாணலாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களிலிருந்து பாசித் தாடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. லா நூவெல் என்னும் ஊரைக் கடந்து மார்லாவில் தங்கினோம். அங்கே ஜீத் என்று சொல்லப்படும் மலைவிடுதிகளில் அடுக்குக் கட்டில்தான். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நீண்ட மேசையில். சோறு, கறி, சிலாவோஸ் பருப்பு, ருகாய் என்னும் காரமான தொக்கு என்று வரிசையாகப் பரிமாறினார்கள். பரிமாறிய அம்மாள் தன் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போன பாதையைக் கைகாட்டிச் சொன்னபோது, நாங்கள் பெருமூச்சு விட்டு இறங்கி வந்த அதே பாதை அது. மறுநாள் 2,081 மீட்டர் உயரத்திலுள்ள தாயிபித் கணவாயைக் கடந்து சிலாவோஸில் இறங்கினோம். உனக்கு இது முடியும், மாலதி. மெல்ல நட, இடையில் தங்கு, யாரும் உன்னோடு போட்டி போடப்போவதில்லை. (போட்டிக்கு வேறு கூட்டம் உண்டு: ஒவ்வோர் அக்டோபரிலும் 160 கிலோமீட்டருக்கு மேல் தீவைக் குறுக்கே ஓடிக் கடக்கிறவர்கள். அவர்களை வணங்கிவிட்டு நாம் நடப்போம்.)

இப்போது தீமிதிக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் அதன்பின் ஒப்பந்தக் கூலிகளைத் தேடிப் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் ஆள் எடுத்தார்கள். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழிவிட்டது. 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அப்படிப் போனவர்களின் வழிவந்தோரை அங்கே மல்பார் என்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி; தமிழ் பெரும்பாலோருக்குப் பேச்சுமொழியாக இல்லை. ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்விட்டு, கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிற குடும்பங்கள் ஏராளம். ஆயினும் சர்க்கரை ஆலைகளின் பக்கத்தில் தாத்தாக்கள் எழுப்பிய சிறு கோயில்களில் பாஞ்சாலிக்காகத் தீமிதி நடந்துகொண்டே வருகிறது.

சேன் ஆந்த்ரே என்னும் ஊர்ப் பக்கம் ஒரு கோயிலில் அதைக் கண்டேன். தீமிதிப்பவர்கள் பல நாள்கள், பெரும்பாலும் பதினெட்டு நாள்கள், புலாலும் மதுவும் விலக்கி விரதம் இருக்கிறார்கள்; அந்த நாள்களில் பாரதக் கதை கோயிலில் ஒவ்வொரு கட்டமாக நடத்திக் காட்டப்படுகிறது. தீக்குழியின் முடிவில் பால் ஊற்றிய சிறு பள்ளம் இருந்தது. என் முன்னால் தணலைக் கடந்து வந்த ஒருவர் அந்தப் பாலில் கால் வைத்ததும் நின்று, திரும்பி, தமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த இளைஞனைப் பார்த்தார். மகனாக இருக்க வேண்டும். அவன் வந்து சேரும் வரை அவர் முகம் இளகவேயில்லை. இதைக் ‘காட்சி’ என்று எழுதி இரவு விருந்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் பாட்டனார்களின் ஊர்களிலிருந்து கப்பலேறி, மொழியை இழந்தும் நேர்த்திக்கடனை இழக்காத மக்கள் அவர்கள். நாம் போனால் அன்போடு வரவேற்பார்கள். ஆனால் காலையிலேயே போய்விடு. அன்று புலால் உண்ணாதே. செருப்பையும் தோல் பொருள்களையும் வெளியே விடு. கேமராவைப் பையிலேயே வைத்திரு. முடியும் வரை இரு. அவர்கள் சோறிட்டால் உட்கார்ந்து சாப்பிடு.

மலோயாவையும் கேட்காமல் வந்துவிடாதே. அடிமைகளின் பாட்டாகப் பிறந்து, நெடுங்காலம் அதிகாரத்தின் வெறுப்புக்கு ஆளாகி, 1980களில்தான் தலைநிமிர்ந்து, 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இசை அது. கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டுச் செய்த கயாம்ப் என்னும் கருவியை என் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார்கள். முறத்தில் அரிசி புடைப்பதுபோல் ஒலித்தது. டிசம்பர் 20ஆம் நாள் தெருவெங்கும் அந்த ஒலிதான் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

மாதத்தையும் மாற்று. நீ குறித்திருக்கும் சனவரி, புயலும் பெருமழையும் வருகிற காலம். 1966 சனவரியில் ஃபோக் ஃபோக் என்னும் மேட்டுநிலத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலகச் சாதனை அது. அப்படியொரு வானத்தின் கீழ் மலைப்பாதையில் உன்னை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நடப்பதற்கு மே முதல் நவம்பர் வரை நல்லது. சனவரியை விட்டால் தீமிதி கிடைக்காதோ என்று அஞ்சாதே, வேறு மாதங்களில் நடத்தும் கோயில்களும் உண்டு. சூலை, ஆகஸ்டில் போனால் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகே வருவதையும் காணலாம். கடலில் குளிப்பதானால் மேற்குக் கரையில் பவழத்திட்டுக்கு உட்பட்ட நீரிலோ, காவலர் நிற்கும் இடங்களிலோ மட்டும் இறங்கு. சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் மற்ற இடங்களில் தடை இருக்கிறது.

என் யோசனை இதுதான்: முகவரிடம் ஹெலிகாப்டரையும் ‘காட்சி’யையும் நீக்கச் சொல். சூலையில் போவோம், நானும் உடன் வருகிறேன். மார்லாவிலும், பிட்டோன் டெ நெஜின் உச்சிக்குக் கீழே உள்ள விடுதியிலும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே உனக்கு எந்த வாரம் விடுப்புக் கிடைக்கும் என்பதை உடனே எழுது. காலணியை இப்போதே வாங்கிப் போட்டுப் பழகத் தொடங்கு. விமலாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தேவகி